ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழும்பூர் வரை: ஒரு ரிவால்வர் பயணம்

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, “பெரிய துளை ரிவால்வர் ஒன்று வேண்டும்” என்று கேட்டால், கடைக்காரர் ஐந்தாறை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிடுவார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .44 மேக்னம், கோல்ட் .45, ரூகர் ரெட்ஹாக் என்று பட்டியல் நீளும். (இந்த .44, .45 எல்லாம் அங்குலக் கணக்கில் துளையின் அளவு.) எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் வாங்க வந்தவரின் தலைவலி. அதே கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பால்கோவாக் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அதற்காக இந்தச் சீமைக்கும் ரிவால்வருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கே வேட்டைக்காடாக இருந்து சரணாலயமான மலை. தெற்கே வாஞ்சிநாதனின் செங்கோட்டை. கிழக்கே சிவகாசி. வடக்கே ரயில் ஏறினால் திருச்சி, அதையும் தாண்டி எழும்பூர். பெரிய துளையா, சின்னத் துளையா என்ற பழைய வழக்கில் இந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஒரு சாட்சியம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது 192 அடி உயர, பதினோரு நிலைக் கோபுரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் என்று ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், நெற்கட்டான்செவல் புலித்தேவருக்கும் கும்பெனிப் படையை நடத்தி வந்த யூசுப்கானுக்கும் இடையிலான மோதலில் இந்த ஊரும் சிக்கியது. அந்தப் போரில் வெடித்தவை திரியாலோ சிக்கிமுக்கிக் கல்லாலோ பற்றவைக்கும் துப்பாக்கிகள். ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் எதிராளியின் ஈட்டி வந்து சேர்ந்துவிடும். ஒரே கையில் பல முறை சுடுகிற கருவிக்கு உலகம் இன்னும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புச் சாலையில் போனால் தென்னையும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் மலை தொடங்குகிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இப்போது மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். யானை, காட்டுமாடு, கரடி, சிறுத்தை எல்லாம் உள்ளே உண்டு.

பெரிய துளை ரிவால்வர் விரும்பும் அமெரிக்கர்கள் முதலில் சொல்லும் நியாயமே இந்த மாதிரிக் காடுதான். அலாஸ்காவில் மீன்பிடிக்கப் போகிறவர் கரடிக்குப் பயந்து .44 மேக்னத்தை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். செண்பகத்தோப்பில் அந்த நியாயம் செல்லாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் வேட்டைக் கதையை முடித்துவைத்துவிட்டன. காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு கால் வைப்பதே குற்றம். மலையடி விவசாயிகளின் உண்மையான தலைவலி காட்டுப்பன்றி. அதற்கும் அரசு எல்லை வகுத்திருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம்; ஆனால் சுடுவது வனத்துறை மட்டுமே. தோட்டக்காரர் கையில் ரிவால்வருக்கு அங்கே வேலை இல்லை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே ராஜபாளையம். பஞ்சாலைச் சங்கு, மாம்பழம், அப்புறம் அந்த வெள்ளை நாய். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கிய இனம் என்று பேர் வாங்கிய ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. வேட்டை போனது, நாய் பங்களாக் காவலுக்கும் கண்காட்சிக்கும் மாறிக்கொண்டது. வேட்டைத் துப்பாக்கிகள் அப்படி மாறிக்கொள்ளவில்லை. பழைய குடும்பங்களில் இரட்டைக்குழல் துப்பாக்கியோ, தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வரோ இருந்தால், அது பீரோவில் லைசென்ஸ் புத்தகத்தோடு தூங்கும். தேர்தல் தேதி அறிவித்ததும் காவல்நிலையத்துக்குப் போய் ஒப்படைக்கப்பட்டு, முடிவு வந்தபின் வீடு திரும்பும். பல துப்பாக்கிகள் இந்த இரண்டு பயணத்தைத் தவிர வேறு வெளிக்காற்றே காண்பதில்லை.

அந்த வெப்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய துளை ரிவால்வர் என்றதும் இந்தியாவில் பழைய தலைமுறைக்கு நினைவு வருவது அதுதான். பர்மிங்காம் வெப்ளி நிறுவனத்தின் .455 ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றது. 1915இல் வந்த ஆறாவது மாதிரி உச்சம். ஆறங்குலக் குழல், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடை, 17 கிராம் ஈயக்குண்டு. மேலே ஒரு தாழ்ப்பாளை அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறக்கும். வெடித்த ஆறு கூடுகளும் ஒன்றாக வெளியே வந்து விழும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் புரண்டும் வேலை செய்த கருவி என்று பெயர் எடுத்தது.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? அந்தப் பிடிவாதம் உறுதிப்பட்டதே இந்தியாவில்தான். 1857 கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் இரண்டு வகை ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று சாமுவேல் கோல்ட்டின் .36 நேவி. குறி தப்பாது, ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியை இழுத்து வைக்க வேண்டும். மற்றொன்று லண்டன் ராபர்ட் ஆடம்ஸ் வடிவமைத்த .44 அளவுள்ள ரிவால்வர். விசையை இழுத்தாலே போதும், உருளை சுழன்று வெடிக்கும். கோல்ட்டை நம்பிய ஓர் அதிகாரி தன்னை நோக்கி ஓடிவந்த சிப்பாயின் மார்பில் ஐந்து குண்டுகளைப் பாய்ச்சினார்; சிப்பாய் அப்படியும் நிற்காமல் வந்து வாளை வீசி அவரைக் கொன்றுவிட்டார். அக்கால ராணுவ எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் சம்பவம் இது. பெரிய குண்டுதான் ஆளை நிறுத்தும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். வங்காளப் படையில் இருந்து, 1863இல் அம்பேலாச் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜார்ஜ் ஃபாஸ்பரி, பிற்காலத்தில் பின்னுதைப்பின் விசையிலேயே உருளை சுழலும்படி ஒரு .455 ரிவால்வரை வடிவமைத்தார். அது 1901இல் சந்தைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே பிரிட்டிஷ் ராணுவம் 1932இல் .455ஐக் கைவிட்டு .38 என்ஃபீல்டுக்கு இறங்கியது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்குக் கனமான வெப்ளியைக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. குறி தவறிய பெரிய குண்டைவிடக் குறியில் பட்ட சின்னக் குண்டு மேல் என்பதை அரை நூற்றாண்டு கழித்து ஒப்புக்கொண்டார்கள். இந்தியப் போலீஸ் இடுப்பில் நெடுங்காலம் தொங்கியதும் அந்த .38 அளவுதான்.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி வழியாக ரயில் பாதை செங்கோட்டைக்குப் போகிறது. ஊரில் வாஞ்சிநாதனின் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டபோது வாஞ்சிக்கு வயது 25. மேடைப் பேச்சுகளிலும் நாடகங்களிலும் அவர் கையில் ரிவால்வரைக் கொடுத்துவிடுவது வழக்கம். உண்மையில் அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். தட்டையாக, சட்டைக்குள் மறையும்படி இருக்கும். வெப்ளியை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு ரயில் ஏற முடியாது. லண்டனில் துப்பாக்கிப் பயிற்சி பெற்று, பிறகு புதுச்சேரியில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயரின் வட்டத்துக்கு இது தெரிந்தே இருந்தது. அவர்கள் பார்த்தது குண்டின் பருமனை அல்ல. மறைத்து எடுத்துப்போக முடிகிறதா, அருகிலிருந்து சுட்டால் தவறாமல் வெடிக்கிறதா என்பதைத்தான்.

செங்கோட்டையில் மாலை கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ், தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் தொட்டுக்கொண்டு இருட்டில் சிவகாசிக்குள் நுழைகிறது. ரிவால்வர் பிறந்த கதைக்கும் இந்த ஊருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 1922–23வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், 1830இல், சாமுவேல் கோல்ட் என்ற பதினாறு வயதுப் பையன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கோர்வோ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்தக் கப்பல் பயணத்தில்தான், சக்கரம் சுழன்று ஓரிடத்தில் பூட்டிக்கொள்வதைக் கவனித்து, சுழலும் உருளைக்கு மரத்தில் மாதிரி செதுக்கியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

உருளை சுழன்றால் மட்டும் போதுமா? அடித்ததும் தீப்பற்றும் கேப் இல்லாமல் ரிவால்வர் நடைமுறைக்கு வந்திருக்காது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்ற யோசனை அதற்கு அடிப்படை. திரியும் வேண்டாம், சிக்கிமுக்கிக் கல்லும் வேண்டாம். சுத்தி அடித்தால் ரசாயனம் வெடிக்கும். சிவகாசி வட்டாரத்தில் தயாராகும் சுருள் கேப்பும் பொட்டு கேப்பும் பிள்ளைகளின் தீபாவளித் துப்பாக்கியில் செய்வது அதே வேலை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாழ்நாளில் கையாளும் ஒரே ரிவால்வர் அந்தத் தகரப் பொம்மைதான்.

ரயில் மதுரை, திண்டுக்கல் தாண்டும்போது பெட்டியில் விளக்கு அணைந்துவிடும். அந்த நேரத்தில் சட்டப் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் .380, .455 ரிம் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்களைத் தடைசெய்த துளைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ராணுவத் தோட்டா வெளியே கசியக் கூடாது என்பதே நோக்கம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுப்போட்டுச் சாதாரண லைசென்ஸில் வாங்குகிற பொருள் அல்ல அது. .357, .44 மேக்னம் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் தனியாள் இறக்குமதி 1980களின் நடுவிலேயே பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. தேர்ந்த போட்டியாளர்களுக்குத்தான் வழி உண்டு. அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகள் கைமாறும்போது லட்சங்களில் விலை பேசப்படும். தோட்டா கிடைப்பது அதைவிடக் கஷ்டம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு யாரும் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆக மிஞ்சுவது .32. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், வெப்ளியின் நான்காம் மாதிரியைத் தழுவியது. ஆறு தோட்டா, சுமார் 700 கிராம். 2014இல் வந்த ‘நிர்பீக்’ டைட்டானியம் கலவையில் 500 கிராம். பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விலை வைத்தார்கள். 2023இல் ‘பிரபல்’ வந்தது. உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்பது தயாரிப்பாளர் வாக்கு. வெப்ளி நிறுவனமே இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 2020 முதல் .32 ரிவால்வர் செய்கிறது. .455ஆல் புகழ்பெற்ற பெயர், இங்கே .32க்கு இறங்கி வந்திருக்கிறது.

சக்தியை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குழலை விட்டுப் புறப்படும்போது .32 தோட்டாவின் ஆற்றல் ஏறக்குறைய 155 ஜூல். பழைய .455 சுமார் 290. டர்ட்டி ஹாரி படத்தில் 1971இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தூக்கிப் பிடித்த .44 மேக்னம் 1,300க்குப் பக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003இல் கொண்டுவந்த .500 மேக்னம் 3,000ஐயும் தாண்டும். நீளக் குழல் மாதிரியின் எடை இரண்டு கிலோ. கொம்பு சீவிய காளையை ஒற்றைக் கையால் பிடிப்பது மாதிரிதான் அதைச் சுடுவது. இரண்டு கைகளாலும் பிடித்தாலும் குழல் நெற்றியை நோக்கி எகிறும். பழகாதவர் இரண்டாவது குண்டைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவார்.

அப்படியானால் .32 என்பது ஏழைக்கேற்ற எள்ளுருண்டையா? திருச்சி அதற்குப் பதில் சொல்கிறது. 1966 முதல் இங்கே இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை ராணுவத்துக்கும் போலீசுக்கும் ரைஃபிள் செய்கிறது. ஊரில் ரைஃபிள் கிளப்பும் உண்டு. 2022 ஜூலையில் அங்கே நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் குமார் நான்கு தங்கமும் இரண்டு வெண்கலமும் வாங்கியது செய்தித்தாள்களில் வந்தது. தங்கம் கிடைத்த பிரிவுகளில் சென்டர் ஃபயர் பிஸ்டல் அணிப் போட்டியும் ஒன்று. இந்தப் பிரிவின் சர்வதேச விதிப்படி துளை 7.62இலிருந்து 9.65 மில்லிமீட்டருக்குள், அதாவது .30இலிருந்து .38க்குள் இருக்க வேண்டும். .44க்கும் .45க்கும் வாசலிலேயே தடை. அனுமதித்த வரம்புக்குள்ளும் பெரும்பாலான வீரர்கள் .38ஐ விட்டு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். உதைப்பு குறைவு, துப்பாக்கி உடனே குறிக்குத் திரும்பும், தட்டை முனைக் குண்டு அட்டையில் வட்டமாகத் துளை போடும், மதிப்பெண் எண்ணச் சுலபம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன்செய்து தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். இங்கே லைசென்ஸ் மனுவில் வேறு வழியில்லாமல் எழுதும் அளவைத்தான் உலகப் போட்டியாளர்கள் விரும்பித் தேடிப் பிடிக்கிறார்கள்.

பொழுது விடியும் நேரத்தில் பொதிகை எழும்பூரை அடைகிறது. பாந்தியன் சாலை நடக்கும் தூரம்தான். ஒரே சாலையில் ஆர்வலருக்கு மூன்று இடங்கள். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த வாளும் கட்டாரியும் பழைய துப்பாக்கிகளும் இருக்கின்றன. பழைய காவல் ஆணையர் அலுவலகத்தின் சிவப்புக் கட்டடத்தில் 2021 செப்டம்பரில் திறந்த காவல் அருங்காட்சியகத்தில் போலீஸ் பயன்படுத்திய ஆயுதங்களைப் பார்க்கலாம். அதே வளாகத்தில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. முதல் இரண்டும் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு. மூன்றாவது சுட ஆசைப்படுகிறவருக்கு.

ரிவால்வர் என்றதும் தமிழ்நாட்டின் நினைவில் எழும் இன்னொரு நாளும் இந்த நகரத்துக்கே சொந்தம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதாவின் ரிவால்வர் வெடித்தது. குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் தங்கியது; ராதாவுக்கும் காயம். இருவருமே பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டப்பட, மருத்துவமனையில் படுத்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவருடைய குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை.

மொத்தத்தில் தீர்ப்பு இதுதான். சுடுவதற்கு என்றால் .32 போதும், அதுவும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் கண்காணிப்பில் .22இல் தொடங்கிப் படிப்படியாக வருவதே ஒழுங்கு. சேகரிப்பதற்கு என்றால், பழுதுபார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அது அந்த வகைதான் என்பதை அதிகாரிகளிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டபிறகே வாங்க வேண்டும். .44உம் .500உம் அமெரிக்கக் காட்டுக்கும் சினிமாவுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தாவோ அப்பாவோ காலமானபின் பீரோவில் அவர்களுடைய ரிவால்வர் கிடந்தால், நினைவுப் பொருள்தானே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் இருந்தவர் இறந்ததும் அந்த உரிமை உங்களுக்குத் தானாக வந்துவிடாது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு என்ற முறையில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க அதன் பிறகும் வழி இருக்கிறது.